எல்லாவற்றுக்கும் ஓம்

என் புருஷனின் போனை மாற்றச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாத ஆள் கொக்குவிலில் இல்லை. போதகரின் மனைவி சொன்னா. பலகை விற்கிற மரக்காலைக்காரர் சொன்னார். கனடாவிலிருந்து என் தம்பி சுஜீவன் சொன்னான், சொன்னதோடு நிற்காமல் புதுப் போன்களின் படங்களையும் அனுப்பினான். ஆறு வருஷப் போன் அது. காலையில் நூறு காட்டும். பத்து மணிக்கு நாற்பது காட்டும். நாற்பதிலிருந்து நேரே செத்துவிடும். முப்பது, இருபது என்று மரியாதைக்குக்கூட நடுவில் நின்று காட்டாது.

"ஏலாது" என்றேன் எல்லோருக்கும். வேலை செய்கிற சாமானைத் தூக்கி எறிகிற பழக்கம் என்னிடம் இல்லை. எங்கள் கலியாணத்துக்கு வந்த கேத்தில் இன்னும் கொதிக்கிறது. அதோடு எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "ஜெயந்தினி, உந்தப் போனை மாத்தன்" என்று யாராவது வாய் திறந்தால், மாற்றாமல் விடுவதற்கு அது ஒன்றே எனக்குப் போதும்.

ஆனால் இது மற்றவர்களின் போன் மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். என் புருஷன் டானியலுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேளாது, வாயும் பேசாது. கைதடியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே தச்சு வேலையும் பழகினவர். நானோ வாயை மூடத் தெரியாதவள். பக்கத்து வளவில் வாய் பேசாத பிள்ளை ஒருத்தி இருந்ததால் எனக்குச் சின்ன வயதிலேயே கைப்பாஷை வரும். அது தெரிந்து, பிரசங்கத்தை டானியலுக்குக் கையால் சொல்லிக் கொடுக்கும்படி சபையில் என்னை முன்வரிசை வாங்கில் பிடித்து இருத்தினார்கள். பிரசங்கம் அலுப்படித்தால் நான் என் சொந்தப் பிரசங்கத்தைச் சொல்லுவேன். எல்லோரும் தலை குனிந்திருக்கிற நேரத்தில் அவர் சிரிப்பார். அப்படித்தான் எங்கள் கலியாணம் வந்தது.

கைப்பாஷையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கைப்பெயர் இருக்கும். அவருடைய பெயர் மரம் இழைக்கிற சீவுளியைத் தள்ளுகிற மாதிரி. எனக்கு அவர் வைத்த பெயர், நாலு விரலையும் பெருவிரலையும் சேர்த்துத் திறந்து மூடுவது. கோழி வாய். இருபத்திரண்டு வருஷமாக நான் அவருக்குக் கோழி வாய்தான். கைப்பாஷையில் "நீங்கள்" என்று ஒன்று கிடையாது, விரலை நீட்டினால் "நீ"தான். ஆகவே கையால் மட்டும் நான் புருஷனை நீ போட்டுக் கதைக்கிற பெண்சாதி.

வேலையும் அப்படித்தான் பிரித்திருந்தோம். அவர் கை, நான் வாய். ஆட்கள் எனக்குப் போன் பண்ணுவார்கள். நான் அவர்களுடைய வீட்டுக்குப் போய், கதவு நிலையை அளந்து, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், பிணைச்சல் எங்கே, கொண்டி எங்கே என்று எல்லாம் கேட்டு, அங்கே நின்றபடியே வீடியோ கோலில் அவருடைய தச்சுப் பட்டறைக்கு எடுத்துக் கையால் சொல்லுவேன். எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க மத்தியானமாகும். கையால் சொன்னால் அரை நிமிஷம். ஒருநாளும் பிழைத்ததில்லை.

மற்றவர்கள் போனைக் காதில் வைத்துக் கதைப்பார்கள், அதற்குக் கொஞ்சப் பற்றரி போதும். எங்களுக்குப் பாண் வாங்கச் சொல்வதற்கும் வீடியோ வேண்டும். அதுதான் அந்தப் பற்றரியின் உயிரை எடுத்தது. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்டப் போன் கடை வைத்திருக்கிற நிருஷனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அக்கா, பற்றரி கிழடாப் போச்சு. போனும் கிழடுதான். புதுசு ஒண்டு எடுங்கோவன்."

"புதுசு வேண்டாம். இதை என்ன செய்யலாம் எண்டு சொல்லு."

அவன் பெருமூச்சு விட்டான். "அப்ப வெளிச்சத்தைக் குறைச்சு விடுங்கோ. ஸ்கிரீன்தான் பற்றரியைத் தின்னுறது."

குறைத்து விட்டேன். பத்து மணிக்குச் சாகிற போன் இரண்டு மணி வரை நின்றது. எனக்கு வெற்றி. சுஜீவனுக்கு அன்றைக்கே வொய்ஸ் அனுப்பி, "பார்த்தியோ, உன்ரை கனடாப் புத்தி இஞ்சை தேவையில்லை" என்று சொல்லியும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் கோளாறு தொடங்கியது. "வரேக்கை இரண்டு றாத்தல் பாண்" என்பேன். டானியல் தலையை ஆட்டுவார், பெருவிரலையும் உயர்த்துவார். வெறுங்கையோடு வருவார். "மழை வருது, வெளியிலை கிடக்கிற பலகையை உள்ளுக்கு எடு" என்பேன். ஓம் என்று தலையாட்டுவார். பலகை நனையும். நான் பாய்ந்து விழுந்தால், போனைக் காட்டி, "படம் இருட்டு, விளங்கேல்லை" என்று கையை விரிப்பார்.

வீட்டில் நேருக்கு நேர் கதைத்தால் ஒரு குறையும் இல்லை. கிட்ட வந்து இருப்பார், நான் சொல்வது எல்லாம் விளங்கும், திருப்பிப் பகிடியும் விடுவார். ஆகவே பிழை போனில்தான். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சைக்கிள் ரயர் சரியில்லை என்று சொல்லி அவர் பட்டறைக்கு நடந்து போகத் தொடங்கியிருந்தார். புது ரயர் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நடந்துதான் போனார். அதையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜமால்தீன் நானாவின் வாசல் கதவு வந்தது. ஜமால்தீன் நானா யாழ்ப்பாண டவுணில் பிறந்து வளர்ந்தவர். தொண்ணூறில் இயக்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது, கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போன மனுஷன். முப்பது வருஷத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போது அதே வளவில் வீடு கட்டுகிறார்.

"திறப்பு இன்னும் என்னட்டைக் கிடக்கு, தங்கச்சி" என்றார் என்னிடம். "வந்து பாக்கேக்கை கதவும் இல்லை, நிலையும் இல்லை. அதாலை மற்றக் கதவெல்லாம் கடையிலை வாங்கினாலும், வாசல் கதவு மட்டும் உங்கடை ஆள் கையாலை செய்யவேணும்."

முதிரை மரம் எடுத்து வைத்திருந்தார். மாத முடிவு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிய துஆ ஓதிக் குடிபுகுவதாக ஏற்பாடு, புத்தளத்திலிருந்து சொந்தக்காரர் ஒரு பஸ் பிடித்து வருகிறார்கள். நான் நிலையை அளந்தேன். உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். போனை யன்னலில் சாத்தி வைத்து டானியலுக்கு எடுத்தேன். கையால் ஒன்பது என்றால் ஒரு கை முழுவதும், மற்றக் கையில் நாலு விரல். இரண்டு தரம் காட்டினேன். அவர் தலையாட்டினார், பெருவிரலை உயர்த்தினார், அவருடைய போன் செத்தது. நான் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலை வாங்க நீர்வேலிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு கிழமையில் கதவு முடிந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. நாலு பேர் தூக்கி வந்து நிலையில் நிறுத்தினார்கள். மேலே மூன்று அங்குலம் வெளி. ஒரு பூனை தாராளமாக உள்ளே போய் வரலாம். அவர் ஆறடி ஆறு அங்குலத்துக்கு வெட்டியிருந்தார். ஆறுக்கு ஒரு கை முழுவதும், மற்றக் கையில் ஒரு விரல். அந்த இருட்டுப் படத்தில் என் நாலு விரலும் ஒட்டி ஒரு விரலாகத் தெரிந்திருக்கும்.

டானியல் அந்த வெளியில் கையை விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை மட்டும் தடவிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு பலகைகூடக் கட்டையாக வெட்டாத மனுஷன். பக்கத்தில் நின்ற மேசன் மெல்லமாக, "செவிடனிட்டைக் குடுத்தால் உப்பிடித்தான்" என்றான்.

"என்ன சொன்னனீ?" என்று திரும்பினேன். "உன்ரை சுவருக்கு நூல் பிடிச்சுப் பாப்பமோ இப்ப? காது கேக்கிற நீ கட்டின படியிலை ஏறி வரேக்கை எனக்குக் கால் சறுக்குது. வாயைப் பொத்து!"

ஜமால்தீன் நானா நடுவில் வந்தார். "விடுங்கோ தங்கச்சி. மரம் இன்னும் கிடக்கு, இன்னொண்டு செய்யலாம். ஆனா வெள்ளிக்கு இனி இரண்டு கிழமைதான். இந்த முறையும் பிழைச்சால் நான் வேறை ஆளைப் பாக்கத்தான் வேணும். கோவிக்காதேங்கோ."

"பிழைக்காது, நானா. பிழை அவரிலை இல்லை, போனிலை" என்றேன்.

சொல்லிவிட்டு வரும் வழி முழுவதும் அதுவே மண்டைக்குள் ஓடியது. ஒரு தரம் பிழைத்தால் போன் என்று சொல்லலாம். இரண்டாம் தரம் பிழைத்தால் டானியல் என்றுதான் சொல்லுவார்கள். அந்த மேசனே ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். பிறகு யார் அவரிடம் வேலை கொடுப்பார்கள்? வேலை இல்லாமல் அந்த மனுஷன் என்ன செய்வார், என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா?

வீட்டுக்கு வந்ததும் அவரே கை காட்டினார். "இந்தப் போன் சரியில்லை. புதுசு வாங்கு."

கிழிந்த சேர்ட்டைத் தைத்துப் போடுகிற மனுஷன், வாழ்க்கையில் முதல்முறையாகப் புதுசு கேட்கிறார். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். நான் என் வீம்பைத்தான் நினைத்தேன். என் வீம்பால் அல்லவா அவருக்கு இந்த அவமானம் என்று மனம் அடித்துக்கொண்டது. நாளைக்கே வாங்குகிறோம், இருக்கிறதிலேயே நல்ல வெளிச்சம் உள்ளதாக வாங்குகிறோம் என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் முடிவுதான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நிருஷனின் கடையில் நின்றோம். நான் புதுப்போன் என்றதும் அவன் நெஞ்சில் கை வைத்தான்.

"அக்கா, உண்மையாவோ? சுகமில்லையோ உங்களுக்கு?"

"வாயைக் காட்டாமல் எடு. படம் பளிச்செண்டு தெரியவேணும். மற்றதொண்டும் எனக்குத் தேவையில்லை."

பெட்டியை உடைத்துப் பெரிய ஸ்கிரீன் போன் ஒன்றை எடுத்து, டானியலின் சிம்மைப் போட்டு, வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி அவருடைய கையில் கொடுத்தான். கடைக்குள் இருக்கிற லைட் எல்லாம் அதற்கு முன் தோற்றுப்போயின. எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் நான் ஒரு தேங்காய்கூட வாங்குவதில்லை. அவரைக் கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். அங்கே வாழைப்பழம் விற்கிற லூர்த்தம்மாவின் மேசையில், கதலிச் சீப்புகளுக்கு நடுவில் என் போனைச் சாத்தி வைத்து அவருக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"தெரியுதோ?" என்று கை காட்டினேன்.

ஓம் என்று தலையாட்டினார். பெருவிரல் உயர்ந்தது.

"நல்லாத் தெரியுதோ?"

ஓம்.

அப்பாடா என்றிருந்தது. இனிப் போய் வாங்கவேண்டியதுதான் என்று, வெயிலுக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஓம் என்று தலையாட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லையே. முகத்தைத்தானே துடைத்தேன். ஒரு இலையான் பறந்து வந்து வாழைப்பழத்தில் இருந்தது. அதைக் கலைத்தேன். அதற்கும் ஓம், அதற்கும் பெருவிரல்.

சோதித்துப் பார்த்தேன். "உன்ரை முகம் பிலாப்பழம்" என்று கை காட்டினேன். ஓம். "இண்டைக்குச் சோத்துக்கு மரச் சீவல்தூள் கறி" என்றேன். ஓம். அந்தப் புதுப் போனின் கமராவில் அவருடைய முகம் எனக்கு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. சிரித்த முகம். கண் இரண்டும் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தன, போனுக்குள் ஏதோ வெளிச்சத்தைப் பார்த்தன.

கடைசியாக ஒன்று சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"நான் உன்னை விட்டுட்டுப் போறன். இனி வரமாட்டன்."

அவர் சிரித்தார். ஓம் என்று நன்றாகத் தலையாட்டினார். பெருவிரலை உயர்த்தி எனக்குக் காட்டினார்.

நடுரோட்டில் அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. லூர்த்தம்மா எழும்பி வந்து தோளைப் பிடித்தா. "என்ன பிள்ளை, ஆரும் செத்துப் போச்சினமோ?"

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா. என்ரை மனுசனுக்குக் கண் தெரியேல்லை."

சொன்ன பிறகுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சைக்கிள் ரயர். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தடவி எடுப்பது. கதைக்க வந்தால் என்னை வெயிலிலிருந்து நிழலுக்கு இழுப்பது. கிட்ட வந்து இருப்பதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். அன்பும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு நாளும் அந்த மனுஷன் தன் கண்ணின் பிழையை எல்லாம் அந்தப் பாவப்பட்ட போனின் தலையில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நானும் அதைச் சரியென்று நம்பியிருக்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனேன். "நிருஷன், பெட்டிக்குள்ளை வை. புதுசு வேண்டாம். பழசுக்குப் பற்றரி மாத்து."

"ஐயோ அக்கா! சிம் எல்லாம் போட்டாச்சு. என்ன பிழை இதிலை?"

"இதிலை ஒரு பிழையும் இல்லை, ராசா. பழசிலையும் இல்லை. பற்றரியைப் போட்டு வை, பேந்து வாறன்."

டானியலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கடைகளின் பின்பக்கம் ஒரு வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினேன். மூக்குக்கு மூக்கு நின்றேன்.

"எவ்வளவு நாளாய்?"

"என்ன?"

"கண்."

கை அசையவில்லை. இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. வாய் பேசுகிற ஆள் வாயை மூடுவதுபோலத்தான் அது. நான் விடவில்லை. அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தேன். கதை.

"போன நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம்" என்றார். "முதல் புகை மாதிரி. இப்ப வெயிலிலை ஒண்டும் இல்லை. வெள்ளை."

"ஏன் சொல்லேல்லை?"

அப்போது சிவரூபனின் கதையைச் சொன்னார். பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துக் கட்டில் சிவரூபன். பதினாறு வயதில் அவனுக்குக் கண்ணும் போனது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு விடுமுறையில் டானியல் பார்க்கப் போயிருக்கிறார். சிவரூபன் கதிரையில் இருந்தான். இவர் முன்னால் நின்று கையை ஆட்டினார், ஆட்டினார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அவனைத் தொடப் பயம். ஓடி வந்திட்டன்" என்றார். "ஆஸ்பத்திரியிலை கண்ணை வெட்டினால், பிழைச்சால், நானும் கதிரை. நீ முன்னுக்கு நிண்டு கதைப்பாய். எனக்குத் தெரியாது. நீ போனாலும் தெரியாது."

நீ போனாலும் தெரியாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்பு நான் ரோட்டின் அந்தப் பக்கம் நின்று சொன்னதும் அதைத்தான்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்தது. இடது கையால் அவருடைய இரண்டு கண்ணையும் பொத்தினேன். அவர் பதறி என் கையைத் தள்ளினார். திரும்பவும் பொத்தினேன். வலது கையை அவருடைய உள்ளங்கைக்குள் வைத்து, நாலு விரலையும் பெருவிரலையும் சேர்த்துத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன். அவர் அசையாமல் நின்றார். பிறகு என் கைக்குள் அவருடைய கன்னம் சிரித்தது எனக்குத் தெரிந்தது. கோழி வாய்.

அவருடைய விரலைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன். நான். அவருடைய நெஞ்சில் வைத்தேன். நீ. கிளினிக் என்பதற்கு மணிக்கட்டில் நாடி பிடித்தேன். நாளைக்கு. அவர் எல்லாவற்றையும் திருப்பி என் கையில் சொன்னார். ஒன்றும் பிழைக்கவில்லை. கையை எடுத்தபோது அவருடைய கண்ணும் என் கையும் நனைந்திருந்தன.

"கண் கட்டி இருந்தாலும் நான் கதைப்பன். நீ வேண்டாமெண்டாலும் கதைப்பன். உனக்குத் தெரியுந்தானே என்னை?" என்றேன்.

அவர் தலையாட்டினார். இந்த ஓம் விளங்கிச் சொன்ன ஓம்.

பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக் வாங்கில் நாலு மணித்தியாலம் இருந்தோம். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டொக்டர், சீனி வருத்தத்தால், நீரிழிவால், கெதியாக முற்றியிருக்கிறது, ஒவ்வொரு கண்ணாகப் புரையை எடுக்கலாம், பயப்படத் தேவையில்லை என்றார். எடுக்கிற திகதி கதவின் வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் கிடைத்தது.

அதற்கும் வழி இருந்தது. நான் ஜமால்தீன் நானாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "போனிலை பிழை எண்டு உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். அவருக்குக் கண்ணிலை புரை. ஆனா கதவு அவர்தான் செய்வார். உங்களுக்குச் சம்மதமோ?"

நானா வெறும் நிலையைத் திரும்பிப் பார்த்தார். "பிழைச்சால்?"

"பிழைச்சால் நானே வந்து உங்கடை வாசலிலை கதவாய் நிக்கிறன்."

அவர் சிரித்துவிட்டார். நான் அளவு நாடாவைத் தொடவே இல்லை. நீள மரச் சட்டம் ஒன்றை நிலைக்குள் நிறுத்தி, சரி உயரத்துக்கு வெட்டினேன். அகலத்துக்கு இன்னொன்று. இரண்டையும் தூக்கிக்கொண்டு மினிபஸ் ஏறினால், தடிக்கும் ரிக்கற் எடு என்று கொண்டக்டர் சண்டை. அவனோடு கொக்குவில் மட்டும் வாய் காட்டிக்கொண்டே வந்தேன். பட்டறையில் டானியல் சட்டத்தைப் பலகையில் படுக்க வைத்து, முனையை விரலால் தடவி, அந்த இடத்தில் உளியால் கீறினார். விரல் தன்பாட்டில் வேலை செய்தது. நான் பத்து நாளும் பட்டறையில் நின்றேன், வெயில் பக்கத்து யன்னலுக்குச் சாக்குக் கட்டினேன், வாள் ஓடும்போது மட்டும் வாயைப் பொத்தினேன்.

வெள்ளிக்கு முதல்நாள் கதவை நிறுத்தினோம். ஒரு தாள்கூடப் போகாத அளவுக்கு நிலையில் போய் இருந்தது. ஜமால்தீன் நானா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் திறக்கவில்லை. அவருடைய மனைவி ஸக்கியா எங்களோடு வெளியில் நின்றா. "இருக்கட்டும்" என்றா. "கதவு பூட்டின சொந்த வீட்டுக்குள்ளை அவர் இருந்து கனகாலம்." மேசன் தலையைக் குனிந்துகொண்டு சீமெந்து குழைத்தான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வை மட்டும் பார்த்தேன்.

வலது கண்ணின் புரையை எடுத்த அன்று, கட்டோடு கட்டிலில் கிடந்தவருடைய கையில் நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர், நேர்ஸ் மிஸ்ஸி கோபித்தது, மதியச் சாப்பாட்டில் உப்பில்லாதது, எல்லாம். பார்வை நேரம் முடிந்து வெளியே போகச் சொன்னபோது, அவர் தன் கையை இழுத்துக்கொண்டு, "கதைச்சது காணும், கை நோகுது" என்றார்.

ஒரு கிழமை கழித்துக் கிளினிக் காட்டிவிட்டு வரும் வழியில், நிருஷனின் கடையில் பழைய போனைத் திருப்பி வாங்கினோம். புதுப் பற்றரி. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டேன், அவ்வளவுதான். டானியலைக் கடை வாசலில் நிற்கச் சொன்னேன். ரோட்டைக் கடந்து லூர்த்தம்மாவின் பக்கம் போய், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எடுத்தேன்.

"நான் உன்னை விட்டுட்டுப் போறன். இனி வரமாட்டன்" என்றேன் மற்றக் கையால்.

பெருவிரல் பழக்கத்தில் பாதி உயர்ந்தது. பிறகு அப்படியே நின்றது. அவருடைய முகம் மாறியதை நான் போனில் பார்த்தேன். அடுத்த நொடி போனில் அவர் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் ரோட்டுக்குள் இறங்கி நேரே வருகிறார். மோட்டார் சைக்கிள்காரன் பிரேக் அடித்தான், ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்துத் தூஷணத்தால் பேசினான். அவருக்கு என்ன கேட்கும்? நான் "ஐயோ" என்று கத்தினேன், அதுவும் கேளாது. வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கை போறாய்?"

"பகிடி" என்றேன். "பகிடிக்குச் சொன்னனான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஒரு கண் சிவந்து, ஒரு கண் புகைந்து. "அண்டைக்கும் இதைத்தானோ சொன்னனீ? புதுப் போனிலை?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. "ஓம்."

"நான் என்ன சொன்னனான்?"

"ஓம் எண்டு தலையாட்டினனீ. சிரிச்சனீ."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். லூர்த்தம்மா இரண்டு கதலிப்பழம் நீட்டினா, அதை வாங்கவும் கையை விடவில்லை. கையைப் பிடித்திருந்தால் எங்களால் கதைக்க முடியாது. பஸ் நிலையம் மட்டும் நான் ஒரு சொல்லும் கதைக்காமல் அவரோடு நடந்தேன்.